நால்வர் சேர்ந்தால் பூதமும் ஓடும்!

"நீ ஒரு தரம் வந்து அவனைக் கண்டித்துவிட்டுப் போ. நான் சொல்லி அவன் கேட்கிற காலம் போய்விட்டது" என்று அக்காள் டெலிபோனில் சொன்னாள்.

குற்றப் பத்திரிகை இதுதான். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் அவள் மகன், சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோதான் திறக்கிறான். உள்ளேயிருந்து வாள் மோதுகிற சத்தம். நடுநடுவே கூச்சல்: "விழுந்துட்டேன், விழுந்துட்டேன்! யாராவது வந்து எழுப்புங்கடா!" பகலில் தாயாரிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத பிள்ளை, ராத்திரியில் யார் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசுகிறான். அக்காள் கணவர் காலமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று. ஆகவே அக்காளின் கோபம் சத்தத்தின் பேரில் இல்லை. அந்தச் சிரிப்பு கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே என்பதுதான் என்று எனக்குப் பட்டது.

சனிக்கிழமை மாலை தாம்பரத்துக்கு ரயில் ஏறினேன். கண்டிக்கத்தான் போனேன். கண்டித்தேனா என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அறைக்குள் நுழைந்ததும் நான் பார்த்தது பெரிய டெலிவிஷன் திரை நிறையச் சிவப்பு. வானத்தில் ரத்த நிறத்தில் ஒரு சந்திரன். ஆகாயத்தில் மிதக்கும் பாறைத் துண்டுகள். அவற்றின் மேல் சிவப்பு மரத் தோரண வாயில்கள். நம் கோயில்களுக்குக் கோபுர வாசல் போல, ஜப்பானில் ஷிண்டோ கோயில்களுக்கு 'டோரி' என்ற இந்த வாயில்தான் அடையாளம். அதைத் தாண்டினால் தெய்வத்தின் எல்லை என்று பொருள். அந்த வாயிலுக்குள்ளிருந்து கொம்பு முளைத்த ராட்சதர்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். எதிரே நான்கு வீரர்கள்.

"அதிலே நீ யாரடா?" என்றேன்.

"வைக்கோல் தொப்பி போட்டவன், மாமா. அவன் பேர் ரோனின். எஜமான் இல்லாத சாமுராய்."

மற்ற மூவரும் யார் என்று கேட்டேன். ஒருவன் கோயம்புத்தூர். ஒருவன் பெங்களூர். மூன்றாமவன் இடத்தில் அன்றைக்கு யாரோ ஒரு அந்நியர். எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. அந்த இடத்துக்கு உரியவன் துபாயில் வேலைக்குப் போய்விட்டான். நால்வரும் ஒரே தெருவில் வளர்ந்து ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

சுஷிமா என்னும் தீவு

ஆட்டத்தின் முழுப் பெயர் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா: லெஜண்ட்ஸ்'. சுஷிமா என்ற பெயர் நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1905ஆம் வருஷம் மே மாதம் ஜப்பானியக் கடற்படைத் தளபதி டோகோ, ரஷ்யாவின் பெரிய கப்பற்படையைத் தவிடுபொடியாக்கியது அந்தத் தீவுக்குப் பக்கத்துக் கடலில்தான். ஓர் ஆசிய நாடு ஐரோப்பிய வல்லரசை வென்றுவிட்டது என்று இங்கே நம் தாத்தாக்கள் காலத்தில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நடுவே, கொரியக் கரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது அந்தத் தீவு. நாகசாகி மாவட்டத்தைச் சேர்ந்தது. மலையும் காடுமாக இருக்கும் இடம்.

ஆட்டத்தில் வரும் கதை இன்னும் பழையது. 1274ஆம் வருஷம் மங்கோலியச் சக்கரவர்த்தி குப்ளாய் கானின் படைகள் கப்பல் கப்பலாக வந்து அந்தத் தீவின் கொமோதா கடற்கரையில் இறங்கின. எதிர்த்து நின்றவர் தீவின் அதிகாரி சோ சுகேகுனி. அவரிடம் இருந்தது சுமார் 80 குதிரை வீரர்கள். முடிவு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவரும் மாண்டார், அவருடைய ஆட்களும் மாண்டார்கள்.

இந்த யுத்தத்தை வைத்து அமெரிக்காவில், வாஷிங்டன் ராஜ்யத்தில் பெல்வியூ என்ற ஊரில் உள்ள 'சக்கர் பஞ்ச்' என்ற கம்பெனி ஓர் ஆட்டம் செய்து, 2020 ஜூலை 17ஆம் தேதி சோனி கம்பெனி மூலமாக வெளியிட்டது. அமெரிக்கர்கள் ஜப்பான் கதையைத் தொட்டால் ஜப்பானியர்கள் சும்மா இருப்பார்களா என்று தோன்றும். ஆனால் அங்கே பேர்போன 'ஃபாமிட்ஸு' பத்திரிகை 40க்கு 40 மார்க் கொடுத்துவிட்டது. இத்தனைக்கும் ஆட்டத்தில் சரித்திரப் பிழைகள் இல்லாமல் இல்லை. கதாநாயகன் ஓய்வு நேரத்தில் ஹைக்கூ கவிதை பாடுகிறான். அந்தக் கவிதை வடிவம் பிறக்கவே இன்னும் சில நூற்றாண்டுகள் ஆகவேண்டியிருந்தது! நம் சினிமாவில் வருகிற ராஜராஜ சோழனை நாம் மன்னிக்கிறோம் அல்லவா, அதுபோல் அவர்களும் மன்னித்திருக்கிறார்கள்.

அந்த முதல் ஆட்டம் ஒருவர் தனியாக ஆடுவது. அதில் பேய் பிசாசு கிடையாது. குரோசாவாவின் சினிமாப் படம் போல மண்ணில் கால் ஊன்றிய கதை. கறுப்பு வெள்ளையில் ஆடுவதற்கு ஒரு வசதி செய்து, அதற்குக் குரோசாவாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதற்கு நேர்மாறாக, மூன்று மாதம் கழித்து 2020 அக்டோபர் 16ஆம் தேதி, 'லெஜண்ட்ஸ்' என்ற பகுதியை வெளியிட்டார்கள். ஆட்டத்தை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இனாம்! இதில் தெய்வம், பூதம், சாபம், ஆவி எல்லாம் உண்டு. தனியாக அல்ல, கூட்டாக ஆடவேண்டும். கியோஸென் என்ற கதைசொல்லி ஒருவர் உட்கார்ந்து கதை சொல்லுகிறார். அவர் சொல்லச் சொல்ல நாம் அதற்குள் போகிறோம். ஜப்பானில் பண்டைக் காலத்தில் 'பீவா' என்ற தந்தி வாத்தியத்தை வைத்துக்கொண்டு கண் தெரியாத பாடகர்கள் ஊர் ஊராகப் போய் யுத்தக் கதை பாடுவார்கள். நம் வில்லுப்பாட்டுக்காரர்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழக்கத்தின் வாசனை இந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

நான்கு வேஷங்கள்

ஆடுகிறவர் நான்கு வேஷங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். சாமுராய் நேருக்கு நேர் நின்று வெட்டுகிறவன். வேடன் தூரத்தில் நின்று அம்பு போடுகிறவன். மறைந்து தாக்கும் கொலையாளி ஒருவன். புகையில் மறைவான், எதிரியின் முதுகுக்குப் பின்னால் தோன்றுவான். நான்காவது ரோனின்.

ஒவ்வொருவருக்கும் ஒரு மகா சக்தி உண்டு. சண்டை செய்யச் செய்ய மனத்திண்மை சேரும். போதுமான அளவு சேர்ந்ததும் அதைப் பிரயோகிக்கலாம். சாமுராயின் சக்தி 'ஹாச்சிமானின் சீற்றம்'. ஹாச்சிமான் ஜப்பானியரின் யுத்த தேவதை, வில்லாளிகளின் குலதெய்வம். மங்கோலியர் 1281இல் இரண்டாம் முறை வந்தபோது புயல் அடித்து அவர்களுடைய கப்பல்களை நாசம் செய்தது. அந்தப் புயலைத்தான் 'காமிகாஸே', அதாவது தெய்வக் காற்று, என்று ஜப்பானியர்கள் சொன்னார்கள். அப்போது அவர்கள் வேண்டிக்கொண்ட தெய்வங்களில் ஹாச்சிமானும் ஒருவர். ஆகவே மங்கோலியரை எதிர்க்கும் வீரனுக்கு அவர் பெயரைக் கொடுத்தது பொருத்தம்.

ஆனால் ரோனினுடைய சக்தியின் பெயரைக் கேட்டபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'இசானாமியின் மூச்சு.' அதைப் பிரயோகித்தால், விழுந்து கிடக்கும் தோழர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் உயிர்பெற்று எழுந்துவிடுவார்கள்!

கல்லூரியில் படித்த காலத்தில் 'கொஜிக்கி' என்ற ஜப்பானியப் பழங்கதை நூலின் மொழிபெயர்ப்பைப் புரட்டியிருக்கிறேன். 712ஆம் வருஷத்தில் தொகுக்கப்பட்ட நூல் அது. அதில் வரும் இசானாமியின் கதையை ஒருமுறை படித்தவர் மறக்க மாட்டார்.

இசானாகி, இசானாமி என்பவர்கள் ஆதி தம்பதிகள். ஜப்பானியத் தீவுகளையும் தெய்வங்களையும் பெற்றவர்கள். கடைசியில் அக்கினி தெய்வத்தைப் பெறும்போது உடல் வெந்து இசானாமி இறந்துபோகிறாள். கணவன் துக்கம் தாங்காமல் பாதாளத்துக்கே போகிறான். இருட்டில் அவள் குரல் கேட்கிறது. "நான் இங்குள்ள உணவைச் சாப்பிட்டுவிட்டேன். ஆனாலும் வருவதற்கு அனுமதி கேட்டுப் பார்க்கிறேன். அதுவரை என்னைப் பார்க்காதீர்கள்" என்கிறாள். அவனுக்குப் பொறுக்கவில்லை. தலையில் இருந்த சீப்பின் ஒரு பல்லை ஒடித்துக் கொளுத்திப் பார்க்கிறான். புழு நெளியும் பிணம்! பயந்து ஓடுகிறான். அவமானப்பட்ட அவள், பாதாளத்துப் பேய்ப் பெண்களை ஏவித் துரத்துகிறாள். அவன் தலையணியை எறிகிறான், அது திராட்சையாகிறது. சீப்பை எறிகிறான், அது மூங்கில் குருத்தாகிறது. பேய்ப் பெண்கள் நின்று தின்னத் தொடங்க அவன் தப்புகிறான். கடைசியில் பெரிய பாறையை உருட்டிப் பாதாளத்தின் வாயை அடைத்துவிடுகிறான். பாறைக்கு இந்தப் பக்கம் கணவன், அந்தப் பக்கம் மனைவி. "நாளொன்றுக்கு உன் நாட்டு மக்களில் ஆயிரம் பேரைக் கொல்வேன்" என்கிறாள் அவள். "நான் நாளொன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு பிரசவ அறைகள் கட்டுவேன்" என்கிறான் அவன்.

நம் சாவித்திரி எமனோடு வாதாடிக் கணவனை மீட்டுக்கொண்டு வந்தாள். ஜப்பானில் அந்தக் கதை தோல்வியில் முடிகிறது. இசானாமி திரும்பி வரவே இல்லை. அப்படியிருக்க, உயிர் கொடுக்கும் சக்திக்கு, தினம் ஆயிரம் உயிர் எடுப்பதாகச் சபதம் செய்தவளின் பெயரை ஏன் வைத்தார்கள்? ஆட்டம் செய்தவர்கள் என்ன நினைத்தார்களோ, நான் அறியேன். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். சாவு யாருடைய சொத்தோ, அவளிடம்தானே போய்க் கேட்க வேண்டும்? திருப்பிக் கொடுக்கக் கூடியவள் அவள் ஒருத்திதான்.

நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பையன் ஆட்டத்தை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவர் திரும்பிப் பார்க்காம இருந்திருந்தா வந்திருப்பாங்களா, மாமா?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "கதைதானேடா" என்றேன். மடத்தனமான பதில். அவன் மறுபடி திரையைப் பார்த்துக்கொண்டான். அந்த யந்திரம் அவன் அப்பா கடைசியாக வாங்கிக் கொடுத்த பொருள் என்பது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

நான் போர்க்களம் புகுந்தது

சும்மா பார்த்து எழுதினால் வாசகர்கள் ஒப்புவார்களா? கட்டுப்பாட்டுக் கருவியை என் கையில் வாங்கிக்கொண்டேன். ஆட்டத்தில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று கடுமையில் படிகள் உண்டு. எனக்கு வெண்கலம்தான் லாயக்கு என்று பையன் தீர்மானித்தான். அவன் நண்பர்கள் சற்று ஓய்வெடுத்துக்கொள்ள, முன்பின் அறியாத மூன்று பேரோடு என்னைச் சேர்த்துவிட்டது யந்திரம்.

இது 'தாக்குப்பிடிக்கும்' ஆட்டம். நால்வர் ஆடுவது. களத்தில் காக்க வேண்டிய இடங்கள் மூன்று. எதிரிகள் அலை அலையாக வருவார்கள், மொத்தம் 15 அலைகள். காவலிடத்தைக் கைவசம் வைத்திருந்தால் அதற்கு ஏற்ற வரங்கள் உண்டு. ஒரு வரத்தில் ஆவிக் கரடிகள் வந்து எதிரிகளைப் பிய்த்து எறிகின்றன. மூன்று இடமும் பறிபோனால் ஆட்டம் முடிந்தது. நால்வரும் ஒரே சமயத்தில் விழுந்துவிட்டாலும் முடிந்தது.

எதிரிகளில் மங்கோலியரும் உண்டு. ஆனால் விசேஷம் 'ஓனி'களும் 'தெங்கு'களும்தான். ஓனி என்பது ஜப்பானிய ராட்சதன். தலையில் கொம்பு, இடுப்பில் புலித்தோல், கையில் முள் வைத்த இரும்புத் தடி என்று பழைய சித்திரங்களில் எழுதியிருப்பார்கள். பிப்ரவரி மாத ஆரம்பத்தில் 'செத்ஸுபுன்' என்ற நாளில் ஜப்பானிய வீடுகளில் வறுத்த சோயா மொச்சையை வாசலில் எறிந்து, "ஓனியே வெளியே போ, பாக்கியமே உள்ளே வா" என்று குழந்தைகள் கூவுவது இன்றும் வழக்கம். தெங்கு என்பது மலைகளில் வசிக்கும் பறவை மனிதன். காக்கை மூக்கும் சிறகும் இருக்கும். அல்லது சிவந்த முகமும் ஒரு முழ மூக்கும் இருக்கும். வெறும் துஷ்டப் பேய் என்று அதைத் தள்ளிவிட முடியாது. யோஷிட்சுனே என்ற மகா வீரனுக்குக் குராமா மலையில் வாள் வித்தை கற்றுக் கொடுத்ததே தெங்குதான் என்பது ஐதிகம்.

எனக்கு ஒன்றும் கற்றுக் கொடுக்கவில்லை. இரண்டாவது அலையிலேயே ஓர் ஓனி கொடுத்த அடியில் மண்ணைக் கவ்வினேன்.

வேடிக்கை இனிமேல்தான். விழுந்தவன் தானாக எழ முடியாது. குற்றுயிராகக் கிடக்க வேண்டும். யாராவது தோழர் பக்கத்தில் வந்து நின்று, ஒரு பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து எழுப்ப வேண்டும். அந்தச் சில விநாடி எதிரிகள் கைகட்டி நிற்பார்களா? எழுப்ப வருகிறவன் தன் முதுகைக் காட்டிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது. நான் கிடந்தேன். மூவரில் ஒரு சாமுராய், அந்தப் பக்கம் ஒரு காவலிடம் பறிபோய்க்கொண்டிருக்கும்போது, அதை விட்டுவிட்டு ஓடி வந்தான். என்னை எழுப்பினான். நான் எழுந்து நாலு அடி வைத்து மறுபடி விழுந்தேன். மறுபடி வந்தான்.

ஆறு தடவை விழுந்தேன் என்று பையன் கணக்குச் சொன்னான். நாலு தடவை எழுப்பியவன் அந்தச் சாமுராய்தான். எந்த நாட்டவனோ, என்ன பாஷைக்காரனோ! ஒரு வார்த்தை பேச்சு இல்லை. பதினோராவது அலையில் நாங்கள் தோற்றுப் போனோம். தோல்விக்கு முழுக் காரணம் அடியேன். சண்டை ஓய்ந்த ஒரு சந்தர்ப்பத்தில் அவனைப் பார்த்து என் பொம்மையைத் தலைவணங்கச் செய்யலாம் என்று பையன் ஒரு பொத்தானைக் காட்டிக் கொடுத்திருந்தான். வணங்கினேன். அவனும் பதிலுக்கு வணங்கினான். அவ்வளவுதான் எங்கள் சம்பாஷணை. பஸ்ஸில் பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஆசாமியிடம் கூட எனக்கு இவ்வளவு நெருக்கம் ஏற்பட்டதில்லை.

எல்லோரும் அப்படி என்று நினைத்துவிடக் கூடாது. பாதியில் கழற்றிக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு, விழுந்தவனைத் தாண்டிப் போகிறவர்களும் உண்டு என்று பையன் சொன்னான். செலவும் இல்லாமல் இல்லை. ஆட்டத்தின் விலை ஒரு பக்கம் இருக்க, பிளே ஸ்டேஷனில் பிறரோடு இணையத்தில் ஆட மாதாமாதமோ வருஷா வருஷமோ சந்தா கட்ட வேண்டும். ராத்திரி விழிப்பு வேறு. இவற்றையெல்லாம் அக்காளின் சார்பில் அவனிடம் எடுத்துச் சொன்னேன். சொல்லும்போது கருவி என் கையில் இருந்தபடியால் பேச்சு எடுபடவில்லை.

உடைந்த வாயிலும் ஒரு கோடி நன்றியும்

நடுவில் ஒரு சமாசாரம் சொல்ல மறந்தேன். இது பையன் எனக்குச் சொன்னது. பிறகு நானும் விசாரித்துப் பார்த்தேன்.

நிஜமான சுஷிமாத் தீவில் வதசுமி என்ற கோயில் இருக்கிறது. கடல் தெய்வத்தின் கோயில். அதன் டோரி வாயில்கள் வரிசையாகக் கடலுக்குள் இறங்கி நிற்கும். 2020 செப்டம்பரில் அடித்த புயலில் அவற்றில் ஒன்று இடிந்து விழுந்துவிட்டது. சிறிய தீவு; திருப்பணிக்குப் பணத்துக்கு எங்கே போவது? கோயில் பூசாரி இணையத்தின் மூலம் 50 லட்சம் யென் நன்கொடை கேட்டார். ஆட்டம் ஆடியவர்கள் காதுக்குச் செய்தி எட்டியது. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் பணம் வந்து குவிந்தது. கடைசியில் சேர்ந்த தொகை 2 கோடியே 70 லட்சம் யென்னுக்கு மேல்! 2021இல் புதிய வாயில் எழும்பிவிட்டது. அதே வருஷம் மார்ச்சில், ஆட்டத்தை இயக்கிய நேட் ஃபாக்ஸ், ஜேசன் கானல் இருவரையும் சுஷிமா நகரசபை தன் சுற்றுலாத் தூதர்களாக நியமித்துக் கௌரவித்தது.

இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. மரியாதையில்லாமல் நடந்துகொண்ட யாத்திரிகர்களால் மனம் நொந்து, 2025 மார்ச்சில் அதே கோயில், கும்பிட வருகிறவர்களைத் தவிர வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வேண்டாம் என்று அறிவித்தது. பணம் அனுப்பியவர்களும் வெளியூர்க்காரர்கள்தான், தொல்லை கொடுத்தவர்களும் வெளியூர்க்காரர்கள்தான். என்ன செய்வது!

ஐயோ என்னும் அரக்கி

மணி பதினொன்றரை ஆயிற்று. பையன் கருவியைப் பிடுங்கிக்கொண்டான். "இனிமே நிஜ ஆட்டம், மாமா" என்றான்.

லெஜண்ட்ஸில் கதைப் பகுதி இருவர் ஆடுவது, தாக்குப்பிடிப்பது நால்வருக்கு. இவற்றுக்கு அந்நியர் துணை போதும், யந்திரமே சேர்த்து வைக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு படையெடுப்பு இருக்கிறது. 2020 அக்டோபர் 30ஆம் தேதி வந்தது. மூன்று பாகம். இதில் எதிரி ஒரு பெண். பெயர் இயோ. நம் பையன்கள் அவளை 'ஐயோ' என்றுதான் அழைக்கிறார்கள். அனுபவத்தில் பொருத்தமான பெயர் என்கிறார்கள்! அந்தப் படையெடுப்புக்கு யந்திரம் ஆள் சேர்த்துத் தராது. தெரிந்தவர்களாக நால்வரை நாமே கூட்டிக்கொண்டு போக வேண்டும். காரணம் இருக்கிறது. அதில் வாள் வீச்சு பாதி, பேச்சு பாதி. பாறைக்குப் பாறை தாவும்போதும், இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து நிற்கும்போதும், ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவன் அவசரப்பட்டால் நால்வருக்கும் நஷ்டம்.

இவர்களுக்கு ஏழு வாரமாக அது கைகூடவில்லை. துபாய்க்காரனுக்குச் சனிக்கிழமை ராத்திரி வேலை. அவன் இல்லாத இடத்தில் வேறு ஒரு சிநேகிதனைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அவன்தான் மாமா, அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ ராத்திரி பூரா என்கூட உட்கார்ந்திருந்தவன்" என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அன்றைக்கு அவனுக்கு வேலை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் திரையில் அவன் பெயர் வந்தது. கோயம்புத்தூரும் பெங்களூரும் போட்ட கூச்சலில் பையன் காதுக் கருவியைக் கழற்றி எட்டப் பிடித்தான்.

ஆட ஆரம்பித்தார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. "வலது பக்கம் வா", "தாவாதே, நில்லு", "ஒண்ணு, ரெண்டு, மூணு, இப்ப!" முதல் பாகத்தில் பெங்களூர் இரண்டு தரம் பள்ளத்தில் விழுந்தான். ஒரு கட்டத்தில் மூவரும் விழுந்து கிடக்க, ரோனின் மட்டும் நின்றான். நான்கு பூதங்கள் சூழ்ந்தன. அவன் ஓடினான், வளைந்தான், ஓர் அடி வாங்கினான். பிறகு இசானாமியின் மூச்சு. மூவரும் ஒரே சமயம் எழுந்தார்கள்! நான் என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன்.

அந்தச் சத்தத்தில் கதவு திறந்தது. அக்காள் நின்றாள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைத்தான் முறைத்தாள். கண்டிக்க வந்த தம்பி கைதட்டிக்கொண்டிருந்தால் வேறென்ன செய்வாள்?

பையன் பேசவில்லை. திரையில் ரோனினுக்குப் பக்கத்தில், நீல ஒளியாக ஒரு நாய் நின்றுகொண்டிருந்தது.

"அந்த நாய் யாருது?" என்றாள் அக்காள்.

"என்னுதும்மா. ரோனின் கூப்பிட்டா வரும். ஆவி நாய்."

"கடிக்குமா?"

"எதிரியை மட்டும்."

"பேர் என்ன வச்சிருக்கே?"

அவன் யோசித்தான். "இன்னும் வைக்கலேம்மா."

அக்காள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் காதுக் கருவியைக் கழற்றி அவள் காதில் வைத்தான். உள்ளே என்ன கேட்டதோ, முதலில் திடுக்கிட்டாள். பிறகு முகம் மாறிற்று.

"யாரு, நீயா? எங்கேடா இருக்கே? துபாயிலயா? ... நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். நீ சாப்பிட்டியா? ... என்னது, இன்னும் சாப்பிடலையா? அங்கே மணி என்ன? ... டூட்டி முடிஞ்சு வந்து நேரா இதிலே உட்கார்ந்துட்டியா? ... முதல்லே போய்ச் சாப்பிட்டுட்டு வா. இவங்க எங்கேயும் போயிட மாட்டாங்க. நான் சொல்றேன், காத்திருப்பாங்க."

துபாயில் அவன் சாப்பிட்டு முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அதுவரை கோயம்புத்தூர், பெங்களூர், தாம்பரம் மூன்று இடத்திலும் ஆட்டம் நின்றிருந்தது. ரோனின் வைக்கோல் தொப்பியோடு நின்றான். நாய்க்கு என்ன பேர் வைக்கலாம் என்று அக்காளும் பையனும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் படுத்துவிட்டேன். கடைசி ரயில் எப்போதோ போய்விட்டிருந்தது.